படிக்கப் போகும் பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் வீடு

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பிள்ளை நன்றாகச் செய்திருந்தால், லயம் முழுக்க அந்தச் செய்தி பரவ அரைமணி நேரம் போதும். மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைபடும். தோட்டத் தலைவர் வந்து தோளில் தட்டிப் பேசுவார். படித்த பாடசாலையின் மதிலில் பதாகை ஏறும். இரண்டு மூன்று நாளில் அந்த ஆரவாரம் அடங்கிவிடும். அதன் பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

அடுத்ததாக அந்த வீட்டுக்கு வருவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேடு. தமிழிலும்தான் அச்சாகிறது. ஆனால் அதில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனிக் குறியீடு, தனித் தகுதி. சிலவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை வேறு. விண்ணப்பம் இணையத்தில். தவணை சில வாரங்கள்தான். விடியற்காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுக் களைத்து வரும் தாய் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீயே பாத்துப் போடு சாமி" என்கிறாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை, தன் வாழ்க்கையிலேயே பெரிய முடிவை, யாரையும் கேட்க வழியில்லாமல் தனியே எடுக்கிறது.

இந்த நிலையைக் கண்டவர்கள் பலரும் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்கள்: தோட்டத்துப் பெற்றோருக்கு விழிப்புணர்வு போதாது, கல்வியில் அக்கறை போதாது. கல்வி அதிகாரிகளின் கூட்டங்களிலும் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இது திரும்பத் திரும்ப வருகிறது. இந்தத் தீர்ப்பு தவறானது. தவறான தீர்ப்பிலிருந்து தவறான வைத்தியமே பிறக்கும். ஆண்டுதோறும் பெற்றோரை மண்டபத்தில் கூட்டி உட்காரவைத்துக் கல்வியின் மேன்மையை எடுத்துச் சொல்லி அனுப்பும் விழிப்புணர்வுக் கூட்டங்கள் அந்த வைத்தியத்தின் வடிவம்தான். கல்வியின் மேன்மை அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் இல்லாதது வேறு.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். 2021இல் 1000 ரூபாவான தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1550 ஆக்கி, அதன்மேல் 200 ரூபா வரவுக் கொடுப்பனவை அரசே தருமென்று அறிவித்தது. அந்த உயர்வுக்கு முந்திய 1350 ரூபாக் கணக்கில், மாதம் 25 பேர், அதாவது 25 வேலை நாள், விழுந்தால் 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிந்தால் 31,050. சங்கச் சந்தாவும் கடன் கழிவும் அதற்குப் பிறகு. எல்லா மாதமும் 25 பேர் விழுவதுமில்லை. வறட்சியில் கொழுந்து வராது, குறித்த நிறை எடுக்காவிட்டால் அரைப் பேர்தான். இந்தக் காசிலிருந்துதான் டியூஷன் காசு, பஸ் காசு, போட்டோக்கொப்பி, வெள்ளைச் சீருடை, போன் டேட்டா எல்லாம் போகின்றன. காதுத் தோட்டை அடகு வைத்து இரசாயனவியல் வகுப்புக்குக் காசு கட்டும் தாயைப் பார்த்து அக்கறை இல்லாதவள் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

பிறகு வரலாறு. பத்தொன்பது வயதில் இன்று பல்கலைக்கழக வாசலில் நிற்கும் பிள்ளையின் அம்மாயி ஏறத்தாழ 1950-களின் பிற்பகுதியில் பிறந்தவர். அவர் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தோட்டப் பாடசாலை என்பது தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தரும் பொறுப்பைத் துரைமாரிடம் விட்டது. பத்து வயதுக்கு மேல் கொழுந்துக் கூடைதான் என்பது அதில் எழுதாமலே எழுதப்பட்டிருந்தது. 1940-களில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தம் நாடெங்கும் மத்திய மகா வித்தியாலயங்களைத் திறந்தபோது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுடைய பெற்றோரை நாடற்றவர் ஆக்கியது. 1960-களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே விடப்பட்டன. 1970-களின் பிற்பகுதியில்தான் அரசு அவற்றை ஏற்கத் தொடங்கியது. ஆகவே அந்த அம்மாயிக்குக் கிடைத்தது, ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் வைத்துப் பார்த்த பள்ளிக்கூடம். அவருடைய மகள், அதாவது இன்றைய தாய், 1980-களின் நடுவில் பள்ளிக்குப் போனபோது பாடசாலை அரசுடையதாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சுவீடனின் உதவியில் புதுக் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் அப்போதுதான் வரத் தொடங்கின.

அஞ்செலா லிட்டில் 1999இல் வெளியிட்ட மலையகக் கல்வி பற்றிய ஆங்கில ஆய்வு நூல் இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. பெற்றோரைக் குறைகூறும் எவரும் அதைப் படித்துவிட்டு வருவது நல்லது. இரண்டு தலைமுறைக்கு முன் வாசலே இல்லாத வீட்டிடம், வாசலைத் தாண்டும் வழியைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று கேட்பது நியாயமில்லை.

அந்தக் காலத்திலேயே படித்து மேலே வந்தவர்கள் உண்டு. 1914இல் மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை எழுத்தாளரானார், 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானார். அவர் பெரிய கங்காணிக் குடும்பத்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடிதம் எழுதவும் விண்ணப்பம் போடவும் பாடசாலைத் தலைமையோடு பேசவும் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கம், அப்படிப்பட்ட வீடு வாய்க்காத பிள்ளைகளுக்குத் தாமே அந்த வீட்டின் இடத்தில் நின்றார் என்று அவரிடம் படித்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். மலையகத்தின் படித்த முதல் பெரிய தலைமுறையின் பின்னால் இப்படி ஓர் ஆசிரியரோ, ஒரு பாதிரியாரோ, ஒரு கணக்கப்பிள்ளையோ இருந்திருக்கிறார். அந்தத் துணை அதிர்ஷ்டத்தால் கிடைத்தது. அதை முறையாகக் கிடைக்கச் செய்வதே இன்றைய வேலை.

எந்தெந்த இடத்தில் அந்தத் துணை தேவைப்படுகிறது?

உயர்தரத்துக்குப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளில் முதலில் தேவைப்படுகிறது. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடோ சாதாரண தரத்தோடோ முடிந்துவிடுகின்றன. விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் உயர்தரம் வரை படிக்கக்கூடிய பாடசாலைகள் ஹட்டன், நுவரெலியா, கொட்டகலை போன்ற நகரங்களை ஒட்டியே இருக்கின்றன. பஸ் நேரமும் வகுப்புக் காசும் பார்த்து, பக்கத்தில் கிடைக்கும் கலைப் பிரிவில் பிள்ளை சேர்கிறது. கலைப் பிரிவு தாழ்வென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த முடிவோடு சேர்ந்து இன்னொன்று கைநழுவுகிறது என்பதை அந்த வீட்டுக்கு யாரும் சொல்வதில்லை.

பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்தப் பதினாறில் அடங்கும். மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் போன்ற துறைகளுக்கு இந்தப் பகிர்வு உண்டு. அதனால் கொழும்பு மாணவருக்குப் போதாத இசட் புள்ளி நுவரெலியா மாணவருக்குப் போதுமானதாக இருக்கும். கலைத் துறைக்கோ நாடு முழுவதற்கும் ஒரே வரிசை. பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகை எந்தப் பிள்ளைக்காக ஏற்படுத்தப்பட்டதோ, அந்தப் பிள்ளை அது செல்லாத பிரிவில் போய் உட்கார்ந்திருக்கிறது. மறுபுறம், கொஞ்சம் வசதி வந்த வீடுகள் நல்ல பாடசாலை என்று பிள்ளையைக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பிவிடுகின்றன. மாணவரின் மாவட்டத்தைத் தீர்மானிப்பது பிறந்த ஊர் கிடையாது. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் படித்த பாடசாலைதான் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிகிறது. வெளிமாவட்டத்தார் சிலர் இதே விதியை நன்றாகத் தெரிந்துகொண்டு இங்கு வந்து பரீட்சை எழுதுகிறார்கள் என்ற முறைப்பாடு மலையகத்தில் நெடுங்காலமாக உண்டு. விதியைத் தெரிந்தவருக்கு விதி உதவுகிறது.

விருப்ப வரிசை இன்னோர் இடம். கற்கைநெறிகளை விருப்பப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக இட வேண்டும். மாணவரின் இசட் புள்ளி எட்டக்கூடியவற்றில் வரிசையில் மேலே இருப்பது எதுவோ அதுதான் கிடைக்கும். ஆகவே எட்டுமா என்ற சந்தேகமுள்ள துறையை மேலே போடுவதால் கீழே உள்ளவற்றுக்கு எந்தப் பாதிப்பும் வராது. இந்த ஒரே விஷயம் தெரியாமல், "கெடைக்கிறத மொதல்ல போடு, பெரிய ஆச வேணாம்" என்று அண்டை அயலார் சொல்வதைக் கேட்டு, கிடைத்திருக்கக்கூடிய இடத்தை விட்டவர்கள் உண்டு. தெரிந்த நான்கு துறையை மட்டும் எழுதிவிட்டு மற்றதை வெறுமையாக விட்டவர்களும் உண்டு. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பத்துக்கே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலையோடு வாழும் வீடுகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழக இடம் கிடைக்கும் நாட்டில், வரிசையில் நேரும் பிழை ஒரு வருடத்தையோ ஒரு வாழ்க்கையையோ விலையாகக் கேட்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் வாட்டுவது காகிதம். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் காதால் கேட்டு எழுதிய பதிவாளர் "கருப்பையா"வை வேறொருவராக்கியிருப்பார். பதிவே செய்யாமல் விட்ட பிறப்புகளும் தாய் தகப்பனின் விவாகப் பதிவு இல்லாத வீடுகளும் உண்டு. வருமானச் சான்றுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டும், அதன்மேல் பிரதேச செயலாளரின் ஒப்பம் வாங்க வேண்டும். 2019 வரை நுவரெலியா மாவட்டத்தில் ஐந்தே பிரதேச செயலகங்கள் இருந்தன. நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டும் தலா இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைச் சுமந்தன. பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் இருப்பவர் ஒரு கையெழுத்துக்காக, அம்பகமுவச் செயலகம் இருந்த கினிகத்தேனைக்குப் போய்வர ஒரு நாள் பேரை இழக்க வேண்டியிருந்தது. அதிகாரி இல்லையென்றால் இரண்டு நாள். அந்த ஆண்டு நோர்வூட், தலவாக்கலை உட்பட ஐந்து புதிய செயலகங்கள் வர்த்தமானியில் வந்தன. அதற்காக நெடுங்காலம் குரல் கொடுத்த மலையகப் பிரதிநிதிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

கடிதம் வரும் வழியையும் மறக்கக் கூடாது. லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் தபால் தோட்ட ஆபிசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கையில் கொடுத்தால்தான் வீடு சேரும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு நேர்முகக் கடிதம் கிடைத்த கதை மலையகத்தில் பல வீடுகளில் உண்டு. இப்போது மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் வந்துவிட்டன. ஆனால் பிள்ளை கொடுத்திருப்பது ஹட்டன் டவுனில் விண்ணப்பம் நிரப்பிய கடைக்காரரின் மின்னஞ்சலாக இருந்தால், கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தால், பழைய தபால் கதைதான் மறுபடியும் நடக்கும்.

இனி, பெற்றோர் என்ற சொல்லுக்குள் அடங்காதவர்கள். தகப்பன் கொழும்புக் கடையில், தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலையில், பிள்ளைகள் அம்மாயியிடமோ சித்தியிடமோ அத்தையிடமோ. மலையகத்தில் இப்படி எத்தனையோ வீடுகள். படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் பெருவிரல் வைக்கும் அம்மாயிக்குப் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் இடமில்லை; அழைத்தாலும், சமைத்து ஆற்றிச் சின்னதுகளைப் பார்த்துக்கொண்டு அவரால் வரமுடியாது. ஆயினும் பிள்ளை பதினொரு மணிவரை படிக்கும்போது தூங்காமல் கூடவே உட்கார்ந்திருப்பவரும் பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பவரும் அவர்தான். பிள்ளையின் படிப்பு பற்றிப் பேசுவோர் தாய்க்கும் தகப்பனுக்கும் மட்டுமே பேசினால் பாதி வீடுகளுக்கு வெளியே நின்று பேசியதாகவே ஆகும். வெளிநாட்டில் இருக்கும் தாயையும் விட்டுவிட வேண்டியதில்லை. கூட்டம் நடக்கும்போது வாட்ஸ்அப்பில் அவரை அழைத்தால் போதும். முடிவெடுக்கும் அதிகாரமும் காசும் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கின்றன.

படிப்பு பாதியில் நின்றால் என்ன காத்திருக்கிறது என்பது மலையகம் அறிந்ததே. 2021 ஜூலையில் டயகமப் பகுதியைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன இடத்தில் ஏற்பட்ட தீக்காயங்களால் உயிரிழந்தபோது நாடே அதிர்ந்தது. அந்த வயதில் அவள் இருந்திருக்க வேண்டிய இடம் வகுப்பறை.

பெண் பிள்ளை விஷயத்தில் வீட்டின் தயக்கம் வேறு வகையானது. யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ பல்கலைக்கழகப் படிப்புக்காக ஒரு பெண்ணைத் தனியே அனுப்பும் தாய் பயப்படுகிறாள். அந்தப் பயத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவள் கேட்கும் கேள்விகள் நியாயமானவை: விடுதி கிடைக்குமா, முதல் நாள் யார் கூட்டிப் போவார், பகிடிவதை செய்வார்களா, உடம்புக்கு முடியாமல் போனால் யாரிடம் சொல்வது. பகிடிவதையைக் குற்றமாக்கும் சட்டம் 1998 முதல் இருக்கிறது, முறையிடவும் வழியுண்டு. அதைவிட அந்தத் தாய்க்குத் தைரியம் தருவது, அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருத்தி வந்து ஸ்தோப்பில் உட்கார்ந்து பேசும் ஒரு மணி நேரம்.

காசுக்கு வழியுண்டு, நேரத்துக்குத்தான் அது வருவதில்லை. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5000 ரூபாவிலிருந்து 7500 ஆகவும், வறிய மாணவருக்கான உதவித்தொகை 4000 ரூபாவிலிருந்து 6500 ஆகவும் உயர்ந்தன. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென 1940-களில் இந்திய அரசின் ஆதரவில் உருவான கல்வி நிதியம் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் வழியே இன்றும் புலமைப்பரிசில் தருகிறது. இவை கைக்கு வர மாதங்கள் ஆகும். முதல் மாதத்துச் செலவு, அதாவது பதிவுப் பணம், பஸ், மெத்தை, வாளி, விடுதி கிடைக்கும் வரை வாடகை அறை, பெரும்பாலும் வட்டிக்கு வாங்கிய கடனில் நடக்கிறது. அந்த முதல் மூன்று மாதத்தைத் தாண்டவைக்கும் கைமாற்று நிதி ஒவ்வொரு தோட்டத்திலும் சிறிதாக இருந்தாலே பல பிள்ளைகள் தயங்காமல் பஸ் ஏறுவார்கள். கோயில் திருவிழாவுக்குச் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பழக்கம் தோட்டங்களில் ஏற்கெனவே உண்டு. அதே முறை இதற்கும் பொருந்தும்.

பல்கலைக்கழகம் கிடைக்காதவருக்கும் வழி இருக்கிறது. கொட்டகலைப் பத்தனையில் ஜெர்மனியின் உதவியோடு எழுந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி மலையகத்துக்கு ஆசிரியர் பரம்பரையையே தந்திருக்கிறது. ஹட்டனில் திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையம் உண்டு. தேசிய தொழிற்தகைமைப் படிகளில் ஏறி ஏழாம் படியில் பட்டம் வரைக்கும் போகலாம். இவையும் பல்கலைக்கழகத்தோடு ஒரே மேசையில் வைத்துச் சொல்லப்பட வேண்டியவை.

மேசை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2008இல் அமெரிக்காவின் ஒஹாயோ, வட கரோலைனா மாநிலங்களில் ஓர் ஆய்வு நடந்தது. வருமானம் குறைந்த குடும்பத்தார் வரிப் படிவம் நிரப்ப எச் அண்ட் ஆர் பிளாக் நிறுவனத்தின் அலுவலகங்களுக்கு வந்தபோது, அங்கிருந்த ஊழியர்களே கல்லூரி உதவிப் பணத்துக்கான அரச விண்ணப்பத்தையும் அவர்களோடு உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள். பத்து நிமிட வேலைதான். வேறொரு பிரிவினருக்கு உதவித்தொகை எவ்வளவு கிடைக்கும், கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்ற விவரத்தை மட்டும் தந்து அனுப்பினார்கள். நிரப்பிக் கொடுத்த வீடுகளில், பள்ளி இறுதி வகுப்பிலிருந்த பிள்ளைகளில் அடுத்த மூன்றாண்டுக்குள் இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் 28 வீதத்திலிருந்து 36 வீதமானார்கள். விவரம் மட்டும் பெற்ற வீடுகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. 2012இல் வெளியான இந்த முடிவு நமது விழிப்புணர்வுக் கூட்டங்களை நடத்துவோர் கவனித்துப் படிக்க வேண்டியது. கூடவே உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததே பயன் தந்தது.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் உயர்வுக்குப் படி என்ற முகாம்கள் நடக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் எங்கும் சேராத பிள்ளைகளைப் பெயர் பெயராகத் தேடி, பெற்றோரோடு அழைத்து, கல்லூரிகளையும் சான்றிதழ் தரும் அலுவலரையும் கல்விக்கடன் தரும் வங்கியையும் ஒரே இடத்தில் உட்காரவைக்கிறார்கள். பெற்றோர் அலுவலகம் அலுவலகமாக அலைவதை விட்டு, அலுவலகம் பெற்றோரிடம் வருகிறது. நுவரெலியா மாவட்ட செயலகம் விரும்பினால், வலயக் கல்வி அலுவலகத்தையும் பதிவாளரையும் கிராம உத்தியோகத்தர்களையும் சேர்த்து இதை ஹட்டனிலும் நோர்வூட்டிலும் தலவாக்கலையிலும் செய்யலாம். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் வைப்பதால் ஒவ்வொரு தாயும் ஒரு பேரை இழக்கிறாள் என்பதை உணர்ந்து, அதிபர்கள் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாம். இது ஒரு சுற்றறிக்கை வேலை. பத்தாம் திகதிச் சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை, சிறு பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைத் திறந்து ஒரு மேசை போடலாம். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் பராமரிப்பில் உள்ள அந்தக் கட்டடங்கள் பல தோட்டங்களில் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன. ஞாயிறன்று காலியாகவும் இருக்கின்றன. மேசையில் ஒரு மடிக்கணினி, ஒரு கையேடு, அந்தத் தோட்டத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல். ஒன்பதாம் வகுப்பிலேயே பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் பிழையிருந்தால் திருத்தத் தொடங்க வேண்டும். திருத்தம் மாதக்கணக்கில் இழுக்கும். பதினைந்து வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பம். சாதாரண தரம் முடிந்ததும் பிரிவு பற்றிய பேச்சு, பெற்றவர் அல்லது வளர்ப்பவர் கூடவே இருக்க. பிள்ளையின் பெயரில் பிள்ளைக்கே கடவுச்சொல் தெரிந்த ஒரு மின்னஞ்சல். பெறுபேறு வந்த வாரத்தில் விருப்ப வரிசை. பிறகு முதல் மாதத்துக் காசு.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார ஆட்கள் இருக்கிறார்கள். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் படித்து, இன்று ஆசிரியராகவும் அதிகாரியாகவும் வங்கியிலும் வைத்தியசாலையிலும் வேலை பார்க்கும் மலையகப் பட்டதாரிகள் இந்த அவையிலேயே பலர். விடுமுறைக்கு ஊர் வரும் மாணவர்களும் உண்டு. கருத்தரங்கு நடத்திப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே நன்றாக வேரூன்றியிருக்கிறது. பாடத்தோடு படிவத்தையும் சேர்த்துக்கொள்வது மட்டுமே மீதி.

ஆகவே இந்த அவையிலிருக்கும் ஒவ்வொரு பட்டதாரியிடமும் ஒரு வேண்டுகோள். பிறந்த தோட்டத்துக்கோ, அதற்குப் பக்கத்துத் தோட்டத்துக்கோ மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள். வரும் சம்பள ஞாயிறன்று தலைவரையும் அதிபரையும் கண்டு பேசி, ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளின் பெயர்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுடைய அம்மாக்களையும் அம்மாயிமாரையும் அழைத்து உட்காரவையுங்கள். பிறப்புச் சான்றிதழையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.